அலமாரி வந்த வழி

அழைப்பு மணியை மேசைமேல் வைத்துக்கொண்டு, எப்போது அடிக்கலாம் என்று இப்போதே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், நம் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! வார்டில் வேலை இருந்தும் முன்வரிசைக்கு வந்து அமர்ந்திருக்கும் தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே! காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால்களை இப்போதுதான் மடக்கி உட்கார்ந்திருக்கும் சலவைக்கூடத்துத் தாய்மார்களே! அவர்களைக் கூட்டிப்போக வந்து, வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்ட அப்பாமார்களே, அண்ணன்மார்களே! தோளிலும் இடுப்பிலும் இருந்தபடியே இந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் குழந்தைகளே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பல நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் நாம்; அதனால் இன்று ஐந்து மொழியில் ஐந்து பேச்சு என்று தலைவர் வகுத்திருக்கிறார். இந்தியில் ஒருவர் பேசினார். சிங்களத்தில் ஒருவர் பேசினார். இருவரும் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தமிழுக்கு ஆள் தேடியபோது என் அம்மா, "எம் பொண்ணு பேசுவா, பட்டம் வாங்கியிருக்கா" என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதில் பேச்சுக்கென்று தனியாக மதிப்பெண் எதுவும் இல்லை என்பதை அம்மாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

என்ன அக்கா? சத்தமாகக் கேளுங்கள். "பாலம் திறந்தா விழா, பள்ளிக்கூடம் திறந்தா விழா. அலமாரி திறக்கவுமா விழா?" என்கிறார். நல்ல கேள்வி! அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைமேல் நிற்கிறேன்.

இந்தக் கூடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். மருத்துவமனையின் அழுக்குத் துணி இங்கே மூட்டை மூட்டையாக வரும். வெள்ளை நாடா கட்டிய மூட்டையைப் பிரிக்கலாம், உதறலாம், எண்ணலாம். சிவப்பு நாடா கட்டிய மூட்டை தொற்று நோயாளியின் துணி. அதைப் பிரிக்கக் கூடாது. கட்டியபடியே இயந்திரத்துக்குள் தள்ளிக் கதவைப் பூட்ட வேண்டும். சட்டம் அது. உயிர் காக்கும் சட்டம்.

சரி, நோயாளியின் துணிக்கு நாடா உண்டு, எண் உண்டு, வண்டி உண்டு. அதைத் துவைக்கும் பெண்ணின் பைக்கு என்ன இருந்தது? ஆணி இருந்ததா? தட்டு இருந்ததா? மூலையில் ஒரு முக்காலியாவது இருந்ததா? முப்பத்தாறு பெண்கள்! ஒருவருக்கும் ஒரு சாண் இடம் இல்லை. தரையில் வைத்தால் நனைந்தது. மேசைமேல் வைத்தால் காணாமல் போனது. அதனால் இந்த முப்பத்தாறு பேரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். செல்போன், சீப்பு, சாப்பாட்டு டப்பா, மாற்று உடுப்பு எல்லாவற்றையும் ஒரு பழைய விரிப்பில் வைத்துக் கட்டி, மேலே சிவப்பு நாடா சுற்றிவிட்டார்கள். சிவப்பு நாடாவை யார் தொடுவார்கள்? எந்தத் திருடனுக்குத் துணிச்சல் வரும்? உலகத்திலேயே நல்ல பூட்டு அதுதான்!

சிரிக்கிறீர்கள். நானும் கேட்டபோது சிரித்தேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு நின்றது.

மூட்டைகளை இயந்திரத்தில் ஏற்றுவது என் அம்மாவின் வேலை. அன்று வண்டி நகர்ந்த இடத்தில் ஒரு சிவப்பு மூட்டை சரிந்து கிடந்தது. அம்மா என்ன செய்தார்? பிரித்தாரா? பார்த்தாரா? இல்லை. சட்டம் சொன்னபடி அப்படியே உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார். கொதிக்கும் தண்ணீரில் ஒரு செல்போனும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் உருண்டன. பெரிய இயந்திரம் கத்திக்கொண்டு நின்றுபோனது. ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய விரிப்புகள் அரைநாள் போகவில்லை.

மறுநாள் விசாரணை. மேலாளரின் மேசைமேல் ஒரு கடிதம், மூட்டையை ஏற்றியவர் என்று அம்மாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம், கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பதினோரு வருட வேலை! என்னைப் படிக்க வைத்த வேலை! அம்மாவுக்கு அலுவலக மொழி வராது என்பதால் துணைக்கு என்னை உட்கார விட்டார்கள். அங்கே பேசியதை நம் பேச்சிலேயே சொல்கிறேன், கேளுங்கள்.

"அது யாரோட மூட்டை?" என்றார் மேலாளர்.

நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னை முறைத்தார். "மூட்டையில முகமா வரைஞ்சிருக்கு? தெரியாதுன்னு சொல்லு."

"அம்மா, உனக்குத் தெரியும்."

"தெரியும். அதுக்கு? அவளுக்கும் வீட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு. நான் சொன்னதை மட்டும் சொல்லு, சொல்லாததைச் சொல்லாத."

அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அம்மா அந்த நிமிடமே தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். இயந்திரச் சத்தத்தையும் மீறி வங்க மொழியில் பாடிக்கொண்டே வேலை செய்வாரே, நாம் எல்லோரும் பாட்டுக்காரி என்று கூப்பிடுவோமே, அவர்தான். மேலாளர் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். பாட்டுக்காரி அக்கா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மூட்டை என்னுடையது என்றார். ஏன் சிவப்பு நாடா என்று கேட்டால், மளமளவென்று பேசினார். அவர் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். ஆல்மாரி!

அவருக்குப் பின்னால் இஸ்திரி மேசை அத்தை வந்தார். நானும் சிவப்பு நாடாதான் கட்டினேன் என்று இந்தியில் சொன்னார். அதிலும் அல்மாரி! அடுத்து மூக்குக்கண்ணாடி அக்கா வந்தார், சிங்களத்தில். அல்மாரிய! அடுத்து இந்தோனேசியாக்காரர், விரிப்பை நான்கே தட்டுத் தட்டி மடித்துவிடும் நம் மடிப்பு ராணி. லெமாரி! ஒவ்வொருவருக்கும் வேறு வேறு மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொருவரும் சொன்னது, எங்களுக்கு அது இல்லை, அதனால்தான் இப்படிச் செய்தோம் என்பதே. கடைசியில் என் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா சொன்னார்: "ஒரு அலமாரி இருந்தா இந்த வம்பே இல்லையே, சார்."

மேலாளர் பேனாவைக் கையில் எடுத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"எனக்கு என்ன காது கேட்காதா? ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாது. ஆனா அஞ்சு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்றாங்க. அஞ்சு பேரும்! சொல்லி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க. யாரு சொல்லிக் கொடுத்தா? உங்க அம்மாதானே?"

அவைத்தலைவர் அவர்களே, நினைத்துப் பாருங்கள்! உண்மையைச் சொன்னதே குற்றமாகிவிட்டது. முதலில் ஒரு பெண்ணின் வேலை போவதாக இருந்தது. இப்போது ஐந்து பெண்களின் வேலை அந்தப் பேனா முனையில் நின்றது.

வகுப்பில் வருகை சொல்லவே இரண்டு முறை செருமியவள் நான். அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினார். "என்னடி சொல்றாரு?" சொன்னேன். "யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கல. அதைச் சொல்லேன். படிச்சிருக்கல்ல?"

படித்திருந்தேன், தாய்மார்களே! சொற்களின் வரலாறு எங்களுக்கு ஒரு பாடம். அந்தப் பாடத்தை எடுத்ததற்கு, "இதைப் படிச்சு எந்தக் கடையில விப்ப?" என்று என் மாமா கேட்டார். மாமா இங்கேதான் இருக்கிறார், தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டாம் மாமா! விற்ற இடம் அந்த அலுவலக அறை.

"சார், அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆளு செத்து ஐந்நூறு வருஷம் ஆகுது" என்றேன்.

"என்னது?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இலத்தீன் மொழியில் 'ஆர்மா' என்றால் ஆயுதம், கருவி. அவற்றை வைக்கும் இடம் 'ஆர்மாரியம்'. வாளுக்குப் பக்கத்தில் வேறு பொருள்களும் சேர்ந்தன. துணி வந்தது, பாத்திரம் வந்தது, பிறகு புத்தகம் வந்தது. துறவிகளின் மடங்களில் புத்தகம் வைத்த பேழைக்கும் அதே பெயர். அந்தப் புத்தகங்களைக் காத்தவருக்கும் அந்தச் சொல்லிலிருந்தே பெயர். ஆயுதம் வைத்த இடத்தில் அறிவை வைத்த சொல் அது! அந்தச் சொல் பிரான்சில் 'ஆர்முவார்' ஆனது. போர்ச்சுகலில் 'அர்மாரியு' ஆனது. போர்ச்சுகீசியர் கப்பல் ஏறினார்கள். சொல்லும் கூடவே ஏறியது. கரை இறங்கிய துறைகளில் எல்லாம் சொல்லும் இறங்கியது. மலையாளத்தில் அலமார என்றார்கள், தமிழில் அலமாரி என்றார்கள். வந்தவர்கள் ஒருநாள் கப்பலேறிப் போனார்கள். சொல் போகவில்லை! நம் சுவரோரம் நின்றுகொண்டது. நம் பிள்ளைகளின் சட்டைகளைச் சுமந்தது. எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இது வேற்று ஊர்ச் சொல், வெளியே போ என்று ஒரு வீடாவது அதைத் துரத்தியதா? வேலைக்கு வந்தது; வேலை செய்தது; வீட்டு ஆளாகிவிட்டது!

கைதட்டலுக்கு நன்றி. குழந்தை விழித்துவிட்டது, மன்னிக்கவும்.

மேலாளர் நம்பவில்லை. "கதை நல்லாருக்கு" என்றார். பேனா இன்னும் கையில் இருந்தது. அவர் வீட்டு மொழி ஸ்பானியம் என்று எனக்குத் தெரியும்; மகளோடு அவர் தொலைபேசியில் பேசுவதைக் காத்திருந்த நேரத்தில் கேட்டிருந்தேன்.

"சார், உங்க வீட்டுல துணி அடுக்கி வைக்கிறதுக்கு உங்க அம்மா என்ன சொல்வாங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன..." என்று தொடங்கினார். வாய் திறந்தது. சொல் பாதி வெளியே வந்தது. "ஆர்மாரி..." அங்கேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக முடித்தார். "...யோ."

பாட்டுக்காரி அக்காதான் முதலில் சிரித்தார். மேலாளரை விரலால் சுட்டிக்காட்டி, "ஆல்மாரி!" என்றார். இஸ்திரி அத்தை, "அல்மாரி!" என்றார். மடிப்பு ராணி இரண்டு கையையும் தட்டி, "லெமாரி!" என்றார். என் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேனான்னு கேளு."

கேட்டேன்! எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது, கேட்டேவிட்டேன்! அந்த மனிதர், நேர்மையாகச் சொல்ல வேண்டும், வாய்விட்டுச் சிரித்தார். பேனாவை மூடினார். கடிதத்தை இரண்டாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "நாடா கட்டினது தப்புதான்" என்றார். தப்புதான் என்று ஐந்து பேரும் ஒப்புக்கொண்டார்கள். "இடம் கொடுக்காதது அதைவிடப் பெரிய தப்பு" என்று அவரே சொன்னார்.

தாய்மார்களே! நாம் ஐந்து மொழி பேசுகிறோம், அதனால் நமக்குள் ஒற்றுமை வராது என்று யார் சொன்னது? ஒரே இயந்திரச் சத்தத்தில் கைச்சாடையால் பேசிப் பேசிப் பதினோரு வருடம் ஓட்டியவர்கள் நாம். நமக்கு நடுவே ஒரு சொல் ஐந்நூறு வருடமாக உட்கார்ந்திருந்தது, நம்மில் ஒருவருக்கும் தெரியாமல்! இன்னும் எத்தனை சொல் அப்படி உட்கார்ந்திருக்கிறதோ? பக்கத்து மேசைக்காரியிடம் கேளுங்கள். துணி மடிக்கும்போது கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவு. தட்டினால் உள்ளே தெரிந்த முகம் இருக்கும்!

மணி அடித்துவிட்டீர்கள், தலைவரே. இரண்டே நிமிடம். அம்மாவிடம் மேலாளர் கடைசியாகக் கேட்டதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

"சரி, எத்தனை கதவு வேணும்?"

அம்மா விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவில்லை. "நாங்க முப்பத்தாறு பேரு. முப்பத்தேழு கதவு போடச் சொல்லு. நாளைக்கு ஒருத்தி புதுசா வருவா. அவ வந்த அன்னிக்கே தரையில வைக்கக் கூடாது."

திரைக்குப் பின்னால் நிற்கிறது, பாருங்கள், முப்பத்தேழு கதவு. சுவர் நிறைய நிற்கிறது! இதைத் திறக்கப் பெரிய மனிதர் யாரையும் அழைக்கவில்லை. பதினோரு வருடமாக அடுத்தவர் துணியை ஏற்றி இறக்கியவர், தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவள் பெயரைச் சொல்லாதவர், மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மா, எழுந்து வா. முந்தானையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். எல்லோரும் உன்னைத்தான் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்!

பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பக்கத்தில் இருந்தவருக்கு அவரவர் மொழியில் சொல்லிக்கொண்டே கேட்டவர்களுக்கும், மணியை ஒரே ஒரு முறை மட்டும் அடித்த தலைவர் அவர்களுக்கும் என் நன்றி. ஐந்து மொழிக்கும் சேர்த்து ஒரே வணக்கம்!