பிறை தெரியும்வரை

அன்று கொசு அறையில் இருந்தவர்கள்: அக்காவின் கணவர், நான், கூண்டுக்குள் நாற்பது பெண் கொசுக்கள். ஆண் கொசுக்களும் இருந்தன. அவை கடிப்பதில்லை. சாட்சிக்கு ஆகாது.

அத்தான் மலேரியா ஆராய்ச்சியாளர். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அதே ஆய்வகத்தில் இரவுப் பணி வாங்கிக் கொடுத்தார். கொசுக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பேன். இரத்தத் துளியை நுண்ணோக்கியில் பார்ப்பேன். வாரம் ஒருமுறை, காலையில் என் பணி முடியும் நேரத்தில் அவர் வந்து, நோயில்லாத கூண்டுக்குள் கையை நீட்டி அவற்றுக்கு இரத்தம் கொடுப்பார்.

"மாப்ளே, நீ எதையாவது முழுசா முடிச்சு நான் பாத்ததே இல்ல. சோத்தக்கூட மிச்சம் வைக்கிற ஆளு" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர்.

ஒன்றையாவது முடிக்கலாம் என்று நினைத்தேன். மலேரியாக் கிருமியின் வாழ்க்கை ஒரு வட்டம்; கொசுவிலிருந்து ஆளுக்கு, ஆளிலிருந்து கொசுவுக்கு. ஆளின் இரத்தத்தில் முதலில் மோதிரம் மாதிரி தெரியும். காய்ச்சல் வந்து பத்து நாளாவது ஆனால்தான் பிறை மாதிரி ஆகும். அந்தப் பிறையைக் குடிக்கும் கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகும். நான் பிறையைப் புட்டியில் வளர்த்துத்தான் பார்த்திருக்கிறேன். ஆளிடம் பார்த்ததில்லை.

நோயுள்ள கூண்டின் சீட்டையும் நோயில்லாத கூண்டின் சீட்டையும் மாற்றி ஒட்டினேன். அத்தான் வழக்கம்போல் கையை நீட்டினார்.

பதினோராம் நாள் அவருக்குக் காய்ச்சல். அவரே விரலைக் குத்தி, கண்ணாடி வில்லையில் தடவிக் கொடுத்தார்.

"சுத்தமான கூண்டுதான். இருந்தாலும் எதுக்கும் ஒரு தடவ பாத்துரு."

பார்த்தேன். நகைக்கடை மாதிரி இருந்தது, அத்தனை மோதிரம்.

"ஒண்ணுமில்ல அத்தான். சாதாக் காய்ச்சல்."

"பாத்தியா, என் கொசுங்க எல்லாம் பத்தினிங்க."

தினமும் வீட்டுக்குப் போய் ஒரு சொட்டு எடுத்தேன். மலேரியா மாத்திரை அவருடைய அலமாரியிலேயே இருந்தது. அதைத் தின்றால் மோதிரம் செத்துப்போகும், பிறை வராது. காய்ச்சல் வந்த ஆறாம் நாள் அவருக்கு அக்காவை அடையாளம் தெரியவில்லை.

"டேய், நீதானே ரத்தம் பாக்குற. மலேரியா இல்லதானே? சத்தியமா சொல்லு."

"சத்தியமா இல்லக்கா. தினம் பாக்குறேனே."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆள் வைத்துப் பார்த்தால்கூட இப்படிக் கவனிக்க மாட்டார்கள் என்றாள். உண்மைதான்.

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். அங்கே பார்த்ததும் சொல்லிவிட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். எனக்கு அதில் வருத்தம். ஆனால் மருந்துக்கும் நேரம் கடந்திருந்தது. மதியம் அத்தான் போய்விட்டார்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை ஐயா, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று நாள்தான் வேண்டியிருந்தது. அவருக்குப் பொறுமை போதவில்லை.

ஊசியும் கண்ணாடி வில்லையுமாகப் பிணவறை வாசலில் நின்றேன். ஒரு சொட்டு போதும் என்று கேட்டேன். துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்து ஊழியர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அத்தானை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.