ஆறு மணிக் கரண்ட்

— ஃபாயிஸ், அந்த நிலவறைய விட்டு மேல ஏறுங்கன்னு எத்தனை தடவ சொல்றது?

— கத்தாத ஹியாம். இன்னும் நாலு டின்னு கிடக்கு. வருஷம் முழுக்க வேண்டிய ஆலிவ் எண்ணெய். மழையில ஏறின இந்தச் சாக்கடைத் தண்ணி உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்.

— எண்ணெய் போனா போகட்டும்! முழங்கால் தண்ணியில ஃப்ரிட்ஜ் நிக்குது, வாஷிங் மெஷின் நிக்குது, நடுவுல நீங்க நிக்கறீங்க. நல்லா இருக்கு!

— ஒண்ணும் ஆகாது, விடு. காலையிலேர்ந்து கரண்டே இல்ல. மெயின் சுவிட்சையும் எறக்கிட்டேன்.

— அது அரசாங்கக் கரண்ட். தெருவுக்கே காசுக்குக் கரண்ட் விடறாரே அபு ஷாதி, அவரு ஜெனரேட்டர் லைனு?

— அது ஆறு மணிக்குத்தான் வரும். இப்ப மணி அஞ்சு.

— இந்த லெபனான்ல எது சொன்ன நேரத்துக்கு வந்திருக்கு? அந்த சுவிட்சையும் எறக்க என்ன கேடு?

— அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கு. அலமாரி மிதந்து வந்து அடைச்சுக்கிச்சு.

— அப்ப அபு ஷாதிக்குப் போன் போடுங்க. தெருமுனைப் பெட்டியில நம்ம லைன அவரே புடுங்கிடுவாரு.

— அவனுக்கா? போன வாரம் தெருவே பாக்க அவனத் திருடன்னு சொன்னேன். இப்ப கெஞ்சணுமா? செத்தாலும் மாட்டேன்.

— அதத்தானே செஞ்சுக்கிட்டிருக்கீங்க! சரி, தள்ளுங்க. நானும் எறங்கி டின்னு தூக்கறேன்.

— ஏய், கால வைக்காத!

— ஏன்? கரண்டுதான் இல்லையே?

— வல்லா, ஆண்டவன் மேல ஆணையாச் சொல்றேன், கேளு ஹியாம். வேணாம்.

— நான் எறங்கினா பயம், நீங்க எறங்கினா வீரமா? பிள்ளைங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது, அப்பா எண்ணெய் டின்னோட போயிட்டாருன்னா?

— சரி சரி, வந்துட்டேன். இந்தா, படியில நிக்கறேன். போதுமா?

— இன்னும் நாலு படி. சுவத்தத் தொடாதீங்க. கதவுகிட்ட வாங்க.

— வந்தாச்சு. இப்ப எதுக்குப் போன நோண்டற?

— சும்மா. அங்க கீழ பாருங்க.

— என்னத்தப் பாக்க... ஐயோ! ஃப்ரிட்ஜ் உறுமுது! பிளக்குல பொறி பறக்குது ஹியாம்! நான் நின்ன இடம்! மணி அஞ்சேகால்கூட ஆகலயே!

— ஆகல.

— திருட்டுப் பய! வேணும்னே முன்னாடி போட்டிருக்கான். என்னக் கொல்லப் பாத்திருக்கான்!

— அவர ஏன் திட்டறீங்க? போடச் சொன்னது நான்தான். முன்னாடியே பேசி வெச்சேன். நீங்க ஏறினப்புறம் மிஸ்டு கால் கொடுத்தேன்.

— நீயா? பைத்தியமா உனக்கு? லைன புடுங்கச் சொல்லியிருக்கலாமே!

— சொல்லியிருக்கலாம். கண்ணால பாக்கலன்னா அடுத்த மழைக்கு மறுபடியும் எறங்குவீங்க. போடச் சொல்லி நான் கெஞ்சியாச்சு, அணைக்கச் சொல்லி நீங்க கெஞ்சுங்க. இந்தாங்க போனு, அவருக்கு ரிங் போகுது.