ஜெபத்தில் இருக்கிறது

ஐயா, அலுவலக அறையில் இருக்கும் இரண்டாவது நாற்காலி சபைக்குச் சொந்தமானதல்ல. என் வீட்டிலிருந்து நான் தூக்கிவந்தது. என் மனைவி போனபிறகு அதில் உட்கார ஆளில்லை, சும்மா கிடந்து தூசி படிவானேன் என்று கொண்டுவந்தேன். சாமான் பட்டியல் எழுதும்போது அதை விட்டுவிடவும்.

இனி நீங்கள் எழுதித் தரச் சொன்ன விஷயம். உதவி கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பதினாறு வருஷமாக நான்தான் வாங்குகிறேன். வியாழக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை. எழுதத் தெரியாதவர்களுக்கு நானே எழுதிக்கொடுப்பேன். உதவிக் குழு கூடி முடிவெடுத்தபின், நீங்கள் கையெழுத்திட்ட கடிதம் என் மேசைக்கு வரும். அதை உரியவர் கையில் கொடுப்பதோடு சரி. யாருக்கு என்ன கொடுத்தோம் என்று அப்புறம் குழுவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வாங்கியவர் மனம் கூசக்கூடாது என்பதற்காக நம் சபை வைத்திருக்கும் நல்ல வழக்கம் அது. நானும் அதை மதிக்கிறவன்தான்.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கடிதம் கிடைக்கும்வரை மனம்விட்டுப் பேசுகிறவர்கள், கிடைத்தபின் என்னைத் தெருவில் கண்டால் பக்கத்துச் செருப்புக் கடைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. குறை சொல்லவில்லை, வெட்கம்தான் காரணம். ஆனால் வெள்ளியிலிருந்து புதன்வரை எனக்குப் பேச ஆளிருக்காது. மளிகைக் கடைக்காரர் "பை வேணுமா?" என்பார். வேண்டாம் என்பேன். பல நாட்கள் என் பேச்சு அவ்வளவுதான்.

தையல்காரம்மா போன மழைக்கு முன்பு வந்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல. கணவர் லாரி டிரைவர், இதயத்தில் அடைப்பு. செலவைச் சபை ஏற்றுக்கொள்கிறது என்று ஒரு கடிதம் காட்டினால் ஆபரேஷனுக்குத் தேதி தருவார்கள். ஒரு மாதத்துக்குள் செய்தாகவேண்டும் என்று டாக்டர் சொன்னதையும் விண்ணப்பத்தில் என் கையால்தான் எழுதினேன்.

அடுத்த வியாழன் வந்தார்.

"சார், நம்ம விஷயம் என்னாச்சு?"

"ஜெபத்துல வச்சிருக்கோம்மா."

குழு கூடவில்லை என்றால் எப்போது கூடும் என்று கேட்பார்கள். முடிவாகவில்லை என்றால் ஏன் என்பார்கள். ஜெபத்தில் இருக்கிறது என்றால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அவரும் தலையைக் குனிந்து "சரிங்க சார்" என்றார்.

தேநீர் போட்டுக்கொடுத்தேன். என் சட்டைக் கைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஊசி நூலெடுத்துத் தைத்தார். நாலாவது வாரம் 'சார்' போய் 'அண்ணே' வந்தது.

"அண்ணே, காலையில சாப்பிட்டீங்களா?"

அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டு ஆறு வருஷமாகியிருந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கொஞ்சநேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்கடுத்த வாரம், "அவரால மாடிப்படி ஏற முடியலண்ணே. இன்னும் ஜெபத்துலதான் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. நானும் தினமும் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்."

அது பொய்யில்லை. தினமும் முழங்கால்படியிட்டு அவர் கணவரின் பெயரைச் சொல்லி ஜெபித்திருக்கிறேன்.

ஏழாவது வியாழன் அவர் வரவில்லை. நாற்காலியைத் துடைத்துவைத்து ஒரு மணிவரை காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எட்டாவது வியாழன் வந்தார். அடக்கம் முடிந்து ஆறு நாளாகியிருந்தது.

"எங்க பேரை எடுத்துட்டு வேற யாருக்காவது குடுத்துருங்கண்ணே. நீங்க எங்களுக்காக எவ்வளவு பாடுபட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

அதையே உங்களிடமும் சொல்லிவிட்டுப் போகத்தான் அவர் வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்தது பெரிய மனசு. அவர் போனபின் என் மேசையைத் திறந்தீர்கள்.

ஆம் ஐயா. கடிதம் முதல் வாரமே வந்துவிட்டது. அவருக்கு நான் முதன்முதலில் தேநீர் போட்டுக்கொடுத்தபோது அது மேசை டிராயரில், டீத்தூள் டப்பாவுக்கு அடியில் இருந்தது. அதனோடு இருந்த மற்ற நாலு கடிதங்களுக்கு உரியவர்களும் நன்றாகப் பேசுகிறவர்கள்தான். நான் எதையும் திருடவில்லை, கிழிக்கவில்லை. ஒரு மடிப்புக்கூட விழாமல் வைத்திருந்தேன்.

சாவி இத்துடன் இருக்கிறது. என்ன தண்டனையானாலும் சரி. தையல்காரம்மாவிடம் மட்டும் இதைச் சொல்லவேண்டாம், நாற்காலியையும் இப்போதைக்கு எடுக்கவேண்டாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பாவம், இனி அவருக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.