பிருத்விராஜ், ஷாஜஹான், கோபர்நிகஸ்

டில்லியில் நாலு பத்துக்கு லக்ஷ்மிபாய் நகரைத் தாண்டியதும் பஸ் படுத்துவிட்டது. ஐந்து மணிக்கு மண்டி ஹவுஸில் வினாடி வினா இறுதிச் சுற்று. என் மகன் அங்கே தனியாகக் காத்திருந்தான். நடைபாதையில் என் பக்கத்தில் நின்ற குடும்பமும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. முன்கூட்டியே கொடுத்த மூன்று பெயர்களுக்குள் என்ன ஒற்றுமை என்று போட்டியில் கலந்துகொள்ளும் அவர்கள் பெண் வாசலிலேயே சொல்லியாக வேண்டுமாம்.

“மூணு பேரும் ராஜான்னு சொல்லிடு” என்றார் அப்பா.

“கோபர்நிகஸ் எந்த ஊருக்குப்பா ராஜா? அவர் சயின்டிஸ்ட்!”

“மூணு பேருக்கும் தாடி இருந்திருக்குமோ?” என்றாள் அம்மா.

“அவருக்கு மழுமழு மூஞ்சிம்மா. புக்ல பாத்தேன்.”

“அப்ப மூணு பேரும் செத்துப் போயிட்டாங்கன்னு சொல்லு. எவன் தப்புங்கறான், பாக்கலாம்!”

“லிங்க் சொல்லலைன்னா உள்ளயே விடமாட்டாங்கப்பா.” பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா கணவரிடம் திரும்பினாள். “தினம் இதே பஸ்லதானே ஆபீஸ் போறீங்க? தூங்கற நேரத்துல நாலு புஸ்தகம் படிச்சிருந்தா இப்ப உதவியிருக்கும்.”

ஒருவழியாக அடுத்த பஸ் வந்தது. கண்டக்டர் தகரத்தைத் தட்டிக்கொண்டே கத்தினார்:

“பிருத்விராஜ் ரோடு, ஷாஜஹான் ரோடு, கோபர்நிகஸ் மார்க்! சலோ, ஜல்தி!”