சூடு பார்க்கிறவள்

புறங்கையை வைத்துப் பார்த்தே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும், டாக்டரிடம் போகிற வழியில் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் போவார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் மகன் வெங்கடேஷ்பாபு இரண்டாயிரத்து எட்டில் இன்ஜினியரிங் முடித்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி அவனுக்கு ஒரு கேமிங் லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தான். அம்மிக்கல் கனம். அதில் பாபு விளையாடியதைவிட, சொந்தமாக ஒரு விளையாட்டைச் செய்ததுதான் அதிகம். ஒரு ஷேர் ஆட்டோ யார்மேலும் இடிக்காமல் கோரிப்பாளையம் சந்திப்பைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதை நேரில் பார்க்க வேண்டும் என்றது. பிடித்துப்போனால் வேலை.

வந்த வேகத்திலேயே லேப்டாப் நம் மதுரை வெயிலுக்குத் தோற்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஓடும், கொதிக்கும், தானாக அணைந்துவிடும். பாபு திரையின் மூலையில் சூட்டைக் காட்டுகிற ஒரு சின்ன எண்ணை வரவைத்தான். காதில் ஹெட்போனும் கண்ணில் ஆட்டோவுமாக இருப்பவனால் அதைக் கவனிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது என் வேலை.

"தொண்ணூறத் தாண்டுச்சுன்னா ஒரு தட்டு தட்டும்மா" என்றான்.

நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். பிராசஸர், ஃபேன், டெம்பரேச்சர் இதற்கெல்லாம் அந்தப் பாஷையில் எங்கே போவது? லேப்டாப் விஷயம் மட்டும் எங்களுக்குள் தமிழில் நடந்தது. நோயாளிக்குத் தெரியாமல் டாக்டரும் நர்சும் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்களே, அப்படி. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

நர்ஸ் வேலையை ஒழுங்காகவே செய்தேன். நான்கு டபராக்களைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பைத் தூக்கி வைத்தேன், அடியில் காற்றோட வேண்டும் என்று. என் தையல் மெஷின் பிரஷ்ஷால் ஓரத்து ஓட்டைகளைத் துடைத்தேன். டேபிள் ஃபேனை எங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் திருப்பினேன். என் கணவர் சௌரிராஜன் வேர்த்து வழிந்தபடி, "ராதாமணி, ஒம் பேரன் அழுகுறான் பாரு, தூக்கித் தோள்ல போட்டுக்க" என்பார். லேப்டாப்புக்குள் இருக்கும் காற்றாடி இரைவதைச் சொல்கிறார். நான் சிரிக்கவில்லை. தொண்ணூறு எழுபதாக இறங்கியிருந்த நேரம். பரீட்சையில் பாஸானவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"நீதாம்மா என் கூலிங் பேடு" என்றான் பாபு. இருபத்தோரு வயதுக்குப் பிறகு மகன் தாயிடம் சொல்கிற வாக்கியங்கள் கொஞ்சம்தான். அதில் இப்படி ஒன்று கிடைத்தால், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யத் தோன்றும். தோன்றுவது தப்பில்லை.

பிறகுதான் சிக்கல். லேப்டாப்புக்கு உடம்பு தேறிவிட்டது. எழுபதைத் தாண்டவே இல்லை. பாபு என் பக்கம் திரும்பவும் இல்லை. பெங்களூரில் எந்தப் பேட்டையில் ரூம் எடுப்பது என்று யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். நான் பார்க்க வேண்டிய எண் எதுவும் மிச்சமில்லை. வேலை போன நர்ஸ் வார்டையே சுற்றிச் சுற்றி வருவதுபோல, நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

சாயம் போட்ட சுங்குடியில் முடிச்சை அவிழ்த்தால் கலர் கலராக நூல் துணுக்குகள் விழும். அவை எங்கள் வீட்டில் எங்கும் கிடக்கும், சாம்பாரில்கூட. அதில் ஒன்றை லேப்டாப்பின் ஓட்டைக்குள் விட்டேன். சிவப்பு நூல். அதற்கு மேல் இல்லை.

எண்பது ஆயிற்று. "அம்மா, என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்றான். பார்த்தேன்.

அதன்பின் அளவோடுதான் செய்தேன். ஏற்றுவேன், அவன் கூப்பிடுவான், ஊசியால் நூலை எடுத்து இறக்குவேன். எதையும் பாழாக்குவது என் நோக்கமில்லை. உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு போட்டுச் சரிசெய்வதில்லையா?

பெங்களூர்க்காரர்கள் மதுரைக்கே வந்து ஒரு ஹோட்டலில் ரூம் எடுத்திருந்தார்கள். அன்று காலை லேப்டாப்பைத் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தது நான். அன்று வைத்தது ஒரு நூலில்லை. கைநிறைய இருந்ததை உருட்டி, பென்சில் முனையால் காற்றாடிவரை தள்ளி வைத்தேன். பிறகு பாபுவின் நெற்றியில் திருநாமம் இட்டுவிட்டேன். இரண்டையும் ஒரே கைதான் செய்தது.

ஆட்டோ சந்திப்பின் நடுவில் நிற்கும்போது திரை கறுத்துவிட்டதாம். மறுபடி போட்டார்களாம், மறுபடி கறுத்ததாம். அவர்கள் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். "நீ அம்புட்டு பாத்துக்கிட்டும் என்னைய ஏமாத்திருச்சும்மா" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பொய்யாக அழவில்லை.

ரிப்பேருக்குக் கோரிப்பாளையத்தில் காஜாமைதீன் கடைக்கு நானும் கூடப் போனேன். நர்ஸ் போகாமல் இருக்க முடியுமா. அவர் மூடியைக் கழற்றி, இடுக்கியால் அந்த உருண்டையை வெளியே எடுத்தார்.

"மாப்ள, உள்ள தலகாணியே வச்சுருக்கீக."

பாபு அன்றைக்குத்தான் முதலில் சிரித்தான். "எங்க வீட்டுல தூசிகூடக் கலர்லதாண்ணே வரும்."

அவன் டீ சொல்ல வெளியே போனதும் காஜாமைதீன் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, காத்துல வர்ற நூலு இப்படி உருண்டை பிடிக்காதும்மா."

"எங்க வீட்டுக் காத்து அப்படித் தம்பி" என்றேன்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். முடிச்சுப் போட்டுப் போட்டு நகக்கண்ணெல்லாம் சாயம். உருண்டையைக் காகிதத்தில் மடித்து, கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் கொடுத்தார். நல்ல மனுஷர்.

இப்போது அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிட்டிருக்கிறது. லேப்டாப் வேண்டாம், சிடி போதும், கம்ப்யூட்டர் நாங்கள் தருகிறோம் என்கிறார்கள். இன்று சாயங்காலம் ரயில். காலையில் பாபு லேசாகத் தலைவலிக்கிறது என்றான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். பாதரசம் சாதாரணக் கோட்டைத் தொடக்கூட இல்லை.

"எம்புட்டும்மா?"

"நூத்திரண்டு."

அவன் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்க்கவில்லை. எண் பார்ப்பது என் வேலை என்று அவனுக்குப் பழகிவிட்டது. போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தான். "நீ சொன்னாச் சரிதாம்மா. எறங்குச்சுன்னா கெளப்பி விடு, நான் போறேன்."

நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. டேபிள் ஃபேனை அவன் பக்கம் திருப்பியிருக்கிறேன். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுகிறேன். நெற்றி துணியைவிடச் சில்லென்றிருக்கிறது. சூடு மட்டும் இன்னும் இறங்கவில்லை.