கொப்பி வரிசை

இல்லை ஐயா, இப்ப ஆசுப்பத்திரிக் கிளினிக்கிலை கொப்பி அடுக்கிறேல்லை. அது நிப்பாட்டி எட்டு மாசமாகுது. நீங்கள் வவுனியாவிலை மகளோடை நிண்டபடியாத்தான் தெரியேல்லை. இப்ப நம்பர். வாசல்லை ஒரு மெசின் நிக்குது, அமத்தினால் துண்டு வரும். கதிரையளுக்கு முன்னாலை ஒரு பலகையிலை சிவப்பிலை நம்பர் ஓடும். உங்கடை நம்பர் வந்தால் எழும்பிப் போகவேண்டியதுதான். ஒண்டுக்கும் பதகளிக்க வேண்டாம்.

எனக்கு எப்பிடித் தெரியுமோ? அதைக் கொண்டுவந்ததே நான்தான். சீ, நேர்சில்லை, டொக்டருமில்லை. கம்பஸிலை முகாமைத்துவம் படிச்சிட்டு நாலு வருசம் பண்டத்தரிப்பிலை வீட்டிலை இருந்தனான். பேந்துதான், பட்டதாரியளை எடுத்து அரசாங்க ஆசுப்பத்திரியளை நிர்வகிக்கப் பழக்கிற பயிற்சி ஒண்டு வந்தது. ஒரு வருசம். இருவது பேரை எடுத்தவை. கிழமையிலை ரெண்டு நாள் வகுப்பு, மிச்ச நாள் ஆசுப்பத்திரி. முடியேக்கை ஒவ்வொருதரும் ஒரு இடத்திலை என்னத்தைத் திருத்தினவை எண்டு காட்டோணும். அது நல்லா இருந்தால்தான் நியமனம். எனக்குக் கிடைச்சது கிளினிக்.

ஓம், அந்தக் கொப்பி வரிசைதான். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதல் பஸ்ஸிலை வந்து, இருக்கிற வாங்கிலை, டொக்டர் மருந்து எழுதுற கிளினிக் கொப்பியை வரிசையா வைச்சிட்டு, மரத்துக்குக் கீழை போய் இருந்து கதைக்கிறது. ஒராள் பிந்தி வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வைச்சுவிடுவா. மயிலிட்டியிலையிருந்து வந்தால் ஊரின்ரை கொப்பி முழுக்க ஒண்டாக் கிடக்கும். அங்கை வேலைசெய்யிற மேர்சி அக்கா ஒவ்வொண்டா எடுத்துப் பேர் கூப்பிடுவா. ஆள் இல்லாட்டி ஆரும் ஒராள் சொல்லும், அவ கக்கூசுக்குப் போட்டா, தள்ளி வையுங்கோ எண்டு. மேர்சி அக்காவும் தள்ளி வைப்பா. சில நாள் தள்ளி வைச்ச கொப்பியே ஒரு குவியல்.

நான் ஃபோனிலை நேரம் பிடிச்சுக்கொண்டு மூண்டு கிழமை அதிலை நிண்டனான். ஒராள் காத்திருக்கிற நேரம் சராசரி நாலு மணித்தியாலம் பத்து நிமிசம். எனக்கு அது பெரிய கிலிசகேடா, வெக்கமா இருந்தது. பெரிய டொக்டரிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். அவர்தான் மெசினுக்கு அலுவல் பாத்தவர்.

ஒரு சட்டமும் போட்டனாங்கள். நம்பர் மூண்டுதரம் பலகையிலை வரும். ஆள் வராட்டி அந்தத் துண்டு செல்லாது. அண்டைக்குப் பாக்கிறேல்லை, மருந்துமில்லை, அடுத்த மாசத்துக்குத்தான் திகதி. அந்தச் சட்டம் இல்லாமல் நேரம் குறையாது ஐயா, நான் ரெண்டு விதமாவும் செய்து பாத்தனான். சட்டத்தோடை ஒண்டரை மணித்தியாலத்துக்கு இறங்கிச்சுது. எங்கடை இருவது பேரிலை வேறை ஒருதருக்கும் அப்பிடி வரேல்லை. கஜானன் எண்டு ஒருத்தன் மருந்துக் களஞ்சியத்தை எடுத்தவன், அவன் இன்னும் பெட்டி எண்ணிக்கொண்டு நிக்கிறான்.

மேர்சி அக்கா மட்டும் ஒண்டு கேட்டவ. பிள்ளை, பேர் கூப்பிட்டால் நாலு பேர் ஆளைத் தேடுவினம், நம்பரை ஆர் தேடுறது எண்டு. ஆக்கள் பழகுவினம் அக்கா எண்டனான். பழகிட்டினம்தான். அது பொய்யில்லை.

எங்கடை அம்மாவும் அந்தக் கிளினிக்தான். இரத்தினம்மா எண்டு பேர். நெஞ்சு வருத்தம். பயிற்சி துவங்கேக்கையே நான் சொல்லிப்போட்டன், அங்கை வந்தால் என்னைத் தெரியாத ஆள் மாதிரி இருங்கோ, என்ரை தாய் எண்டு ஒருதருக்கும் சொல்லாதேங்கோ, சலுகை எடுத்த கதை வந்தால் நியமனம் போயிடும் எண்டு. அம்மாவும் அப்பிடியே இருந்தவ. நான் முன்னாலை போனாலும் நிமிந்து பாக்கமாட்டா. முகத்திலை ஒரு கள்ளச் சிரிப்பு மட்டும் இருக்கும்.

மாசியிலை ஒரு நாள் அவவுக்கு அறுபத்திமூண்டாம் நம்பர். இருக்கேக்கை மூச்சு முட்டின மாதிரி வர, வெளியிலை பைப்படிக்குப் போய் முகம் கழுவியிருக்கிறா. அதுக்குள்ளை நம்பர் மூண்டுதரமும் வந்து போட்டுது. பக்கத்திலை இருந்தது எங்கடை ஊராக்கள்தான் ஐயா. உதயகலா மாமி அடுத்த கதிரை. அறுபத்திமூண்டு ஆரெண்டு மாமிக்கு என்னெண்டு தெரியும்? அம்மா வந்து துண்டைக் காட்ட, மேசையிலை இருந்த பிள்ளை அடுத்த மாசத் திகதி போட்டுக் குடுத்திட்டுது. அந்தப் பிள்ளையிலை பிழையில்லை, நான் பழக்கினபடிதான் செய்தது. நான் அப்ப மேல்மாடியிலை கூட்டத்திலை. நான் இன்னாரின்ரை தாய் எண்டு அம்மா ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும், உள்ளை விட்டிருப்பினம். சொல்லேல்லை.

பின்னேரம் வீட்டை போய், எப்பிடியம்மா கிளினிக் எண்டு கேட்டனான். கெதியா முடிஞ்சுதடி பிள்ளை, உன்ரை மெசின் நல்லாத்தான் வேலைசெய்யுது எண்டவ. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைச்சிருந்தவ. நான் சந்தோசமாச் சாப்பிட்டனான்.

பத்தொன்பது நாளிலை செத்துப்போனா.

பரவாயில்லை ஐயா, நான் அழமாட்டன். அண்டைக்கும் அழுகை வரேல்லை, செத்தவீட்டுக்கு வந்த ஆக்கள் அதையும் கதைச்சவை. எட்டுச் செலவுச் சடங்கு முடிஞ்சு அலுமாரியைத் துப்பரவாக்கேக்கைதான் கொப்பியைப் பாத்தனான். மாசித் திகதிக்கு நேரை டொக்டரின்ரை எழுத்து ஒண்டுமில்லை. மருந்துக் குளிசைப் பெட்டியும் வெறும். உதயகலா மாமியைப் போய்க் கேட்டன். அண்டைக்கு பஸ்ஸிலை வரேக்கை அம்மா நடந்ததைச் சொன்னவவாம். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும், கவலைப்படுவள் எண்டும் சொன்னவவாம்.

குளிசை இல்லாததாலைதான் எண்டு டொக்டர் சொல்லேல்லை. அதாலை இல்லை எண்டும் சொல்லேல்லை.

அதுக்குப் பிறகும் ஏன் அந்தச் சட்டத்தை எடுக்கேல்லை எண்டோ? தெரியாது ஐயா. திங்கக்கிழமை வேலைக்குப் போனனான். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நானும் இருந்து நேரத்தை எழுதினன். ஒரு பக்கம் எழுதினால் அடுத்த பக்கம் வரும். அப்பிடியே இவ்வளவு நாளும் போட்டுது.

நீங்கள் நான் சொல்லுறதைக் கேளுங்கோ. தண்ணிப் போத்தல் வைச்சிருக்கிறியள்தானே, கதிரையை விட்டு எழும்பாதேங்கோ. எழும்பத்தான் வேணுமெண்டால் துண்டைப் பக்கத்து ஆளிட்டைக் குடுத்து, உங்கடை பேரையும் சொல்லிப்போட்டுப் போங்கோ.

நானோ? இதே பஸ்ஸிலை வந்தாலும் நான் இண்டைக்குக் கிளினிக்குக்குப் போகேல்லை. பத்து மணிக்கு எங்களுக்குக் கடைசி நேர்முகம், கொழும்பிலையிருந்து ஆக்கள் வந்திருக்கினம். அவைக்குப் பிடிச்சால் மாகாணம் முழுக்க இந்த முறையைப் போடப்போகினமாம். எனக்கும் நியமனம். ஓம் ஐயா, சந்தோசம்.

மடியிலை இருக்கிற இந்த ஃபைலோ? அறிக்கைதான். கனக்கப் பக்கம் இல்லை. ஆனால் ஒரு அட்டவணை இருக்கு, நம்பர் எடுத்துப்போட்டு வராத ஆக்கள் எத்தினை பேர், என்ன காரணம் எண்டு. எட்டு மாசத்திலை முன்னூற்றிப் பன்ரண்டு பேர். காரணத்தை ஒருதரிட்டையும் நான் கேட்கேல்லை. மெசின் வந்த கிழமையே ஒரு வரி எழுதி வைச்சனான், நோயாளரின் அக்கறையின்மை எண்டு. பேந்து மாசாமாசம் அதுதான் போனது. விடிய எடுத்துப் பாத்தனான். அழிக்கிறதெண்டால் ஒரு நிமிச வேலை.

அழிக்கேல்லை. அம்மாவையும் அதுக்குள்ளைதான் போட்டிருக்கு ஐயா. கேட்டினமெண்டால் அப்பிடியேதான் வாசிக்கப்போறன்.