துவாயின் மறுபக்கம்

மெஷின் கத்துகிறது. மூன்று தரம். ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று தரம். கரண்ட் போய்விட்டது. விசிறி நிற்கிறது. ஆறு கட்டிலிலும் ஆறு மெஷின். ஆறும் கத்துகின்றன.

செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

இது ஆஸ்பத்திரி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெஷினால் இரத்தம் சுத்தம் செய்யும் வாட்டு. சண்டை முடிந்து எத்தனையோ வருசம். தெரியும். ஆனாலும் கட்டிலுக்குக் கீழே போகப் பார்க்கிறது உடம்பு.

"ஒருத்தரும் எழும்பாதேங்கோ! எழும்பாதேங்கோ!"

நர்ஸ் மிஸ் கத்துகிறார். மூலைக் கட்டிலில் நிற்கிறார். மெஷினில் நின்றுபோன ஒருவருடைய இரத்தத்தை, கைபிடியைச் சுற்றி உடம்புக்குத் திருப்புகிறார். விட்டு வர முடியாது.

எனக்கு அன்று முடிந்துவிட்டது. ஊசி கழற்றி, கட்டுப் போட்டு, கதிரையில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் செபமாலை அண்ணை. பேசாலையில் கடல் தொழில் செய்தவர். அவருக்கும் ஊசி கழற்றியாயிற்று. தன் கையைத் தானே அமத்திக்கொண்டிருந்தார். பிரஷர் இறங்கியது. தலை சாய்ந்தது. பிடி விட்டது. இரத்தம் பாய்ந்தது. அந்த ஊசி தடிப்பானது. ஓட்டையும் பெரிது. தரையில் சொட்டும் சத்தம் கேட்டது.

பாய்ந்தேன். தோளில் கிடந்த துவாய்த் துண்டை வைத்து அமத்தினேன்.

"பிலோமினா! கை வையாதேங்கோ! கையுறை! கையுறை!"

நர்ஸ் மிஸ் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். காதுக்குக் கேட்டது. கை கேட்கவில்லை.

ஏன் என்று எழுத வேண்டும்.

கடைசிச் சண்டை. மாசி மாதம். வன்னிக் கடற்கரை. தூரத்தில் தொம் என்று ஒரு சத்தம். பிறகு கூவல். பிறகு வெடி. என் மனுசன் அருளப்புவுக்குத் தொடையில் பட்டது. இரண்டு கையாலும் அமத்துகிறேன். இரத்தம் நிற்கிறது. நிற்கத்தான் செய்தது. "படு! படு!" யாரோ கத்துகிறார்கள். அடுத்த ஷெல் கூவுகிறது. படுத்தேன். கையை விட்டுவிட்டேன். எழும்பிப் பார்க்கையில் அவருக்கு உயிர் இல்லை.

அதற்குப் பிறகு நான் அமத்திய கையை விடுவதில்லை.

செபமாலை அண்ணை கண் திறந்தார். "பிள்ளை, இது கையடி. அறுக்குளா மீனில்லை. மெல்லப் பிடி" என்றார். சிரித்தேன். நான் மன்னார்ச் சந்தையில் மீன் வெட்டுகிறவள். அதற்குள் மற்றப் பக்கத்துக் கட்டிலில், ஊசி கழற்றியிருந்த ரஜனி. "அக்கா, எனக்கும் நிக்கலக்கா!" அண்ணைக்கு இரத்தம் நின்றுவிட்டது. துவாயை எடுத்தேன். மறுபக்கத்தை மடித்தேன். சுத்தமான பக்கம் என்று நினைத்தேன். அவள் கையில் வைத்து அமத்தினேன்.

அன்று ஒரு நாள் மட்டுமென்றால் பரவாயில்லை. எங்களுக்குள் அது பழக்கம். மூன்று பேருமே ஷெல்லுக்குள்ளால் வந்தவர்கள். பக்கத்தில் இரத்தம் போனால் கை தானாகப் போகும். முதலில் முடிந்தவர் மற்றவரின் கையை அமத்துவார். செவ்வாயும் வெள்ளியும். நர்ஸ் மிஸ் ஏசினார். கெஞ்சியும் பார்த்தார். அவர் மற்றப் பக்கம் திரும்பும் மட்டும் காத்திருந்து அமத்தினோம். கையுறை போடுவது அருவருப்புப் படுவது போல எங்களுக்கு.

ரஜனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருங்கன் பக்கம் வீடு. தாயும் தகப்பனும் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். கூலி வேலை. சண்டைக்குள் அவள் சின்னப் பிள்ளை. இப்போது கலியாண வயது. தாய் சிவகாமி தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்க இருந்தார். சோதனை எல்லாம் பொருந்திவிட்டது. ஒப்பரேசனுக்கு நாளும் குறித்தாயிற்று. "இன்னும் அஞ்சு கிழமதான்க்கா. பொறகு நான் வயிறு நெறையத் தண்ணி குடிப்பேன்" என்பாள். எங்களுக்குத் தண்ணீர் அளந்துதான். அவள் ஆசை அது ஒன்றுதான்.

சில கிழமை கழித்துச் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். வழமையாக எடுப்பதுதான். ஒரு வெள்ளிக்கிழமை டொக்டர் வந்தார். திரையை இழுத்து மூடினார். ஹெபடைட்டிஸ் சி என்றார். ஈரலைப் பிடிக்கும் கிருமி. இரத்தத்தால் பரவும். மூன்று பேருக்கு. செபமாலை அண்ணைக்கு. எனக்கு. ரஜனிக்கு.

அண்ணைக்குப் பழையது. சண்டைக்குள் காயப்பட்டு இரத்தம் ஏற்றியவர். அதில் வந்திருக்கலாம் என்றார். முதல் சோதனையில் பிடிபடவில்லையாம். எங்கள் இருவருக்கும் புதிது.

"ஒருத்தற்ற இரத்தம் மற்றவரிலை பட்டதோ?" என்று கேட்டார் டொக்டர்.

மற்ற இருவரும் பேசவில்லை. எனக்காகத்தான் பேசவில்லை.

நான் சொன்னேன். துவாயைச் சொன்னேன். மறுபக்கத்தைச் சொன்னேன். என் கையைக் காட்டினேன். விரலெல்லாம் மீன் முள்ளுக் கீறல். டொக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அதாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது அம்மா. ஆனா அது வழிதான்."

ரஜனியின் ஒப்பரேசன் நின்றது. முதலில் கிருமி போக வேண்டும். பன்னிரண்டு கிழமை மருந்துக் குளிசை. பிறகும் பொறுத்துச் சோதனை.

குளிசை போட்டோம். அண்ணையின் ஈரல் ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தது. வயிறு வீங்கியது. கண் மஞ்சளானது. "என்னை மஞ்சள் போட்டு அவிக்கப் போறியளோ?" என்று நர்ஸ் மிஸ்ஸோடு பகிடி விட்டார். ஏழாம் கிழமை வியாழன் காலை போனார். அடக்கப் பூசைக்குப் போனேன். கடைசி வாங்குப் பலகையருகே நின்றேன். முன்னுக்குப் போகக் கால் வரவில்லை.

எனக்குக் கிருமி போய்விட்டது. ரஜனிக்கும் போய்விட்டது. ஒப்பரேசனுக்கு நாள் கேட்கச் சந்தோசமாக ஓடினாள். தாயை மறுபடி சோதித்தார்கள். சிவகாமிக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காத்திருந்த மாதங்களுக்குள் வந்துவிட்டது. இனிக் கொடுக்க முடியாது என்றார்கள்.

பஸ் நிலையத்தில் தாயையும் மகளையும் கண்டேன். கிட்டப் போனேன். சிவகாமி என் கையைப் பிடிக்க வந்தார். ரஜனி தடுத்தாள்.

"அம்மா, பஸ் வந்திருச்சு. ஏறு."

பஸ் வரவில்லை. நான் மற்றப் பக்கம் போய் நின்றேன்.

இதை ஏன் எழுதுகிறேன். எங்களைப் போல வருத்தக்காரர் வாசிக்க வேண்டும். மற்றவரின் இரத்தத்தில் கை வையாதேங்கோ. உங்கள் துவாயைக் கொடாதேங்கோ. நர்ஸைக் கூப்பிடுங்கோ. சோதனையைக் கேட்டு எடுங்கோ. கிருமிக்கு இப்போது மருந்து இருக்கிறது. பிந்தினால்தான் இல்லை.

இழந்தது.

சண்டையில், அருளப்பு. கை விட்டதால்.

வாட்டில், செபமாலை அண்ணை.

குறித்த ஒப்பரேசன், ஒன்று.

ஒரு தாய் கொடுக்க இருந்த சிறுநீரகம், ஒன்று. கை விடாததால்.

ரஜனி இருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் வருகிறாள். தண்ணீர் அளந்து குடிக்கிறாள்.